நிக்கிற ஆசனத்துல கண்ணு எங்க இருக்கணும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒத்தக் கால்ல நிக்கிற ஆசனங்களைப் பத்தி போன இதழ்ல எழுதினதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்துச்சு, அதுல முக்கால்வாசி "எங்க பாக்கணும்"ங்கறதைப் பத்திதான். அதனால இந்த மாசம் முதுகுவலி, தூக்கம், மூச்சுப்பயிற்சி எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிட்டு பார்வையை மட்டும் எடுத்துக்கறேன். கிளாஸ்ல இதுக்கு ஒரு நிமிஷம் கூட ஒதுக்க மாட்டாங்க, ஆனா நிக்கிற ஆசனம் நிக்குமா விழுமான்னு பாதி முடிவு பண்றது இதுதான்.

கேள்வி: வணக்கம் டீச்சர். வயசு 46. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற சமூக மன்றத்துல சனிக்கிழமை காலையில யோகா கிளாஸுக்குப் போறேன். மத்ததெல்லாம் ஓரளவு வந்துருச்சு, ஒரு பாதத்தை இன்னொரு கால் மேல வெச்சு மரம் மாதிரி ஒத்தக் கால்ல நிக்கற விருக்ஷாசனம் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. "ஒரு புள்ளியைப் பாருங்க"ன்னு சொல்றாங்க, நான் முன்னாடி நிக்கறவங்க முதுகைப் பாக்கறேன், அவங்க ஆடுனா நானும் ஆடி காலைக் கீழ வெச்சிடறேன். கண்ணாடி மாட்டின ரூம்ல கிளாஸ் நடந்தா இன்னும் மோசம். எந்தப் புள்ளியைத்தான் பாக்கறது?
– ஈசூன் வாசகி

பதில்: அவங்க ஆடுனா நானும் ஆடறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது உங்க மனசு பலவீனம்னு நெனைக்காதீங்க, உடம்பு செய்ய வேண்டியதைத்தான் சரியா செய்யுது. நாம நேரா நிக்கறதுக்கு மூளைக்கு மூணு இடத்துல இருந்து சேதி போயிக்கிட்டே இருக்கு. ஒண்ணு உள்காது, அங்க இருக்கற மூணு அரைவட்டக் குழாயும் ரெண்டு சின்னப் பையும் தலை எந்தப் பக்கம் திரும்புது சாயுதுன்னு சொல்லும். ரெண்டாவது உள்ளங்கால், கணுக்கால், கழுத்துத் தசைகள்ல இருந்து வர்ற உணர்வு. மூணாவது கண்ணு. ரெண்டு கால்ல நிக்கும்போது இதுல ஒண்ணு கொஞ்சம் அசந்தாலும் மத்த ரெண்டும் சமாளிச்சிடும், ஒத்தக் கால்ல நின்னா தாங்கற இடமே ஒரு பாதத்தோட அகலம்தான், அப்போ மூணு சேதியும் ஒத்துப் போகணும். நீங்க ஆடற ஒரு முதுகைப் பாத்தா கண்ணு "நீ நகர்ற"ன்னு சொல்லுது, காலு "இல்ல நான் இங்கதான் இருக்கேன்"ங்குது, மூளை கண்ணை நம்பி உடம்பைத் திருத்தப் போகுது, அந்தத் திருத்தத்துலதான் நீங்க விழறீங்க.

கண்ணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு நேர்ல பாக்கணும்னா இன்னிக்கு ராத்திரியே ஒண்ணு பண்ணுங்க. சுவரை ஒட்டி, கை எட்டற தூரத்துல, ரெண்டு பாதத்தையும் சேத்து வெச்சு நேரா நில்லுங்க, அதான் தாடாசனம். கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து, அப்புறம் மூடி. மூடின உடனே கட்டை விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல எடை முன்னும் பின்னும் போய்ட்டு வர்றது தெரியும், கணுக்கால் தசை படபடன்னு வேலை செய்யறது தெரியும். டாக்டருங்க நரம்பு பரிசோதனையில இதே மாதிரி நிக்க வெச்சு கண்ணை மூடச் சொல்லித்தான் பாப்பாங்க, ரோம்பெர்க் பரிசோதனைன்னு 19ஆம் நூற்றாண்டுல இருந்து இருக்கு.

சரி, எந்தப் புள்ளி? முதல் விஷயம், அது அசையக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஹால்ல நின்னு சுத்திப் பாத்தா அசையாத பொருள் கம்மியா இருக்கும். மேல ஃபேன் சுத்துது, திரை ஆடுது, ஜன்னலுக்கு வெளிய ரயில் போகுது, முன்னாடி ஆளு ஆடறாங்க. அதனால கிளாஸுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போயி, பாய் விரிக்கறதுக்கு முன்னாடியே நின்னு பாத்து உங்க புள்ளியைத் தேர்ந்தெடுங்க. சுவர்ல இருக்கற ஸ்விட்ச், கதவுக் கைப்பிடியோட திருகு, தரை டைல் ரெண்டு சேர்ற மூலை, இதெல்லாம் நல்ல புள்ளி. வெள்ளைச் சுவரைப் பொத்தாம்பொதுவா பாக்கறது உதவாது, கண்ணு பிடிச்சுக்க ஒரு விளிம்பு வேணும்.

ரெண்டாவது, அது கிட்ட இருக்கணும். இதை யாரும் சொல்றதில்ல. நீங்க ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டுல சாஞ்சா, ஒன்றரை மீட்டர்ல இருக்கற பொருள் கண்ணுக்குள்ள நல்லாவே நகர்ந்து தெரியும், 50 மீட்டர்ல இருக்கறது நகர்ந்த மாதிரியே தெரியாது. அதனால கிட்ட இருக்கற பொருளைப் பாத்தா மூளைக்கு ஆட்டம் சீக்கிரம் தெரிஞ்சு, சின்னதா இருக்கும்போதே சரி பண்ணிடும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல காலையில யோகா பண்றவங்கள்ல நிறைய பேரு தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கற கப்பலைப் பாத்துக்கிட்டு விருக்ஷாசனம் போடுவாங்க, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கப்பல் ரொம்ப தூரம், போதாததுக்கு நீரோட்டத்துல அதுவும் மெதுவா திரும்பிக்கிட்டு இருக்கும். கால் முன்னாடி மணல்ல கிடக்கற ஒரு கிளிஞ்சலைப் பாத்தா இன்னும் அதிக நேரம் நிக்கலாம். வீட்டுல உங்க தரை டைல் 60 சென்டிமீட்டர்னா மூணாவது டைல் முடியற கோடு கிட்டத்தட்ட சரியான தூரம். தரையைப் பாக்கும்போது தலையைக் குனியாதீங்க, கண்ணை மட்டும் இறக்குங்க. பழகினப்புறம் அதே தூரத்துல சுவர்ல கண் மட்டத்துக்கு ஏத்திக்கலாம்.

கண்ணாடி ரூம் ஏன் மோசம்னா, கண்ணாடியில தெரியற உங்க உருவம் உங்களோட சேந்தே ஆடும், அதுல பிடிமானமே இல்ல. அதோட கண்ணாடி 2 மீட்டர் தள்ளி இருந்தா உருவம் 4 மீட்டர் தள்ளி இருக்கற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியோட சட்டத்தைப் பாருங்க, இல்லாட்டி அது மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் பாருங்க. அதுவும் இல்லன்னா திரும்பி நின்னுக்குங்க, டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மூணாவது, வரிசை. ஒத்தக் கால் ஆசனத்துல கண்ணுதான் முதல்ல போகணும். ரெண்டு காலும் தரையில இருக்கும்போதே புள்ளியைப் பிடிச்சு ரெண்டு மூணு மூச்சு விட்டு, அப்புறம்தான் குதிகாலைத் தூக்கணும். நிறைய பேரு காலைக் கையால பிடிச்சு, குனிஞ்சு பாத்து, தொடையில வெச்சு, அப்புறம் நிமிர்ந்து "எங்க பாக்கறது"ன்னு தேடுவாங்க, அதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும். பாதத்தைப் பாக்காமலே கணுக்கால்ல வைங்க, போதும்னா அங்கயே நில்லுங்க, இல்லன்னா கெண்டைக்கால், அப்புறம் உள்தொடை, முட்டியில மட்டும் வைக்க வேணாம். கையை மேல தூக்கும்போது கண்ணும் கூடவே மேல போகப் பாக்கும், போக விடாதீங்க. இறங்கும்போதும் அப்படித்தான், பாதம் தரையைத் தொட்டு எடை வந்து உக்காரற வரைக்கும் புள்ளியை விடக் கூடாது, என் கிளாஸ்ல தடுமாறறவங்க பாதி பேரு "முடிஞ்சுது"ன்னு நெனச்சு கண்ணை எடுக்கற அந்த நொடியிலதான் தடுமாறுவாங்க.

வெறிச்சுப் பாக்காதீங்க. கண்ணைச் சிமிட்டலாம், சிமிட்டணும். புருவம் சுருங்குச்சுன்னா தாடையும் இறுகும், தாடை இறுகுனா மூச்சு நின்னுடும், மூச்சு நின்னா கால் விரைச்சுக்கும்.

கேள்வி: அம்மா, எனக்கு 68 வயசு, பிளட் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன், புரொக்ரெசிவ் கண்ணாடி போடறேன். எங்க பிளாக் கீழ திறந்த தளத்துல, அதான் வாய்ட் டெக்குல, ஞாயித்துக்கிழமை யோகா நடக்குது. காலை அகட்டி பக்கவாட்டுல சாஞ்சு ஒரு கையைக் கீழயும் ஒரு கையை மேலயும் நீட்டற திரிகோணாசனத்துல மேல தூக்குன கையைப் பாக்கச் சொல்றாங்க, பாத்தா கழுத்து வலிக்குது, சில நாள் தலை சுத்துது. மேல பாக்கலன்னா ஆசனத்தோட பலன் கிடைக்காதுன்னு பக்கத்துல ஒருத்தர் சொல்றார். நான் என்ன செய்யறது?
– பிடோக் வாசகர்

பதில்: ஐயா, பலன் போயிடும்னு சொன்னதைக் காதுல போட்டுக்காதீங்க. திரிகோணாசனத்தோட வேலை காலு, இடுப்பு, விலா, முதுகுத்தண்டு நீளறதுலதான் இருக்கு, மேல பாக்கறது அதோட கடைசிப் படி. அந்தப் படி ஏறலன்னா யாரும் குறைஞ்சு போக மாட்டாங்க.

முந்தின பதில்ல ஒத்தக் காலுக்குக் கண்ணு முதல்ல போகணும்னு எழுதினேன். காலை அகட்டி ரெண்டு பாதமும் தரையில இருக்கற ஆசனங்களுக்கு, அதாவது திரிகோணாசனம், பார்ஸ்வகோணாசனம், வீரபத்ராசனம் மாதிரி ஆசனங்களுக்கு நேர் எதிரா வெச்சுக்குங்க, கண்ணு கடைசியா போகட்டும். திரிகோணாசனத்துல பாதம் பதியணும், முட்டி நேராகணும், இடுப்பு சாயணும், விலா திரும்பணும், தோள் ஒண்ணு மேல ஒண்ணு வரணும், அதுக்கப்புறம்தான் கழுத்து, அதுக்கும் அப்புறம் கண்ணு. மார்பு திரும்பாம கழுத்தை மட்டும் திருப்பி மேல பாத்தா வலிக்கத்தான் செய்யும், ஏன்னா தலை 4ல இருந்து 5 கிலோ எடை, அது பக்கவாட்டுல தொங்கிக்கிட்டு இருக்கு, அதைக் கழுத்து தாங்கிக்கிட்டே முறுக்கவும் செய்யணும்னா அறுபது வயசுக்கு மேல எலும்புத் தேய்மானம் இருக்கற கழுத்து என்ன பண்ணும் பாவம்.

உங்களுக்கு மூணு இடம் இருக்கு. முதல்ல கீழ, முன்கால் கட்டை விரலைப் பாருங்க, இது கழுத்துக்கு ரொம்ப சுலபம். அதுல சௌகரியமா மூச்சு வந்தா நேரா, எதிர்ல இருக்கற தூணை. வாய்ட் டெக்குல தூணுக்கா பஞ்சம், நல்ல புள்ளி அது. அதுலயும் ஒண்ணும் தொந்தரவு இல்லன்னாதான் மேல. பாதி வழியில நிறுத்திக்கறதும் சரிதான், சுவரும் கூரையும் சேர்ற விளிம்பைப் பாத்தாலே போதும். மேல பாத்துக்கிட்டே ஆசனத்தை விட்டு எழாதீங்க, முதல்ல கண்ணைத் தரைக்குக் கொண்டு வந்து, கழுத்தை நேராக்கி, அப்புறம் எழுந்திருங்க.

தலைசுத்தலை மட்டும் யோகா விஷயமா எடுத்துக்காதீங்க ஐயா. படுக்கையில புரளும்போது சுத்துதா? துணி காயப்போட மூங்கில் கழியைத் தூக்கும்போது, அலமாரி மேல் தட்டைப் பாக்கும்போது சுத்துதா? சுத்தி ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுதா? அப்படின்னா உள்காதுல இருக்கற நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறி குழாய்க்குள்ள போயிருக்கலாம், வயசானவங்களுக்கு இது சகஜம், தலையைக் குறிப்பிட்ட விதத்துல திருப்பித் திருப்பி வெச்சே பெரும்பாலும் சரி பண்ணிடுவாங்க. பாலிகிளினிக்குல போயி எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்லுங்க, பிரஷர் மாத்திரையோட அளவையும் சேத்துக் கேளுங்க, ஏன்னா குனிஞ்சு சட்டுன்னு நிமிரும்போது வர்ற மயக்கம் மாத்திரையாலயும் வரலாம். தலைசுத்தலோட பேச்சு குழறுது, ரெண்டு ரெண்டா தெரியுது, கை கால் ஒரு பக்கம் தளருதுன்னா பாயை அப்படியே விட்டுட்டு ஆம்புலன்ஸுக்கு 995ல அடிக்கச் சொல்லுங்க. டாக்டர் பாக்கற வரைக்கும் மேல பாக்கற ஆசனமே வேணாம்.

கண்ணாடி விஷயம். புரொக்ரெசிவ் லென்ஸ்ல மேல் பகுதி தூரத்துக்கு, கீழ் பகுதி கைக்கெட்டற தூரத்துல படிக்கறதுக்கு. நீங்க கண்ணை இறக்கி ஒன்றரை மீட்டர் தள்ளி தரையைப் பாத்தா, படிக்கற பகுதி வழியா தூரத்தைப் பாக்கறீங்க, அது மங்கும், தரை மிதக்கற மாதிரி இருக்கும். படி இறங்கும்போது இதே தொந்தரவு இருந்திருக்குமே. அதனால கீழ பாக்கணும்னா உங்களுக்கு மட்டும் தலையையும் சேத்துக் கொஞ்சம் குனிஞ்சுக்கலாம், இல்லன்னா புள்ளியைத் தரையில வைக்காம தூண்ல கண் மட்டத்துல வெச்சுக்குங்க, பழைய தூரப்பார்வைக் கண்ணாடி ஒண்ணு வீட்டுல இருந்தா கிளாஸுக்கு அதைப் போட்டுட்டு வாங்க. கண்ணாடியே இல்லாம பண்ணலாமான்னா, அந்தத் தூணோட விளிம்பு கண்ணுக்குத் தெளிவா தெரியற வரைக்கும் பண்ணலாம்.

இதோட இன்னொண்ணு, இது உங்களுக்கு மட்டும் இல்ல எல்லாருக்கும். கண்ணழுத்த நோய், அதான் கிளாக்கோமா இருக்கறவங்க தலையைத் தொங்கவிடற ஆசனங்கள்ல ஜாக்கிரதையா இருக்கணும், சிரசாசனம் மட்டும் இல்ல, நின்னு முன்னால குனியற உத்தானாசனத்துலயும் கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேல தூக்கற அதோமுக ஸ்வானாசனத்துலயும் கூட கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுது. கண் டாக்டர்கிட்ட "நான் யோகா பண்றேன்"னு சொல்றதோட நிறுத்தாம, தலை இதயத்துக்குக் கீழ போற ஆசனம் பண்றேன்னு சொல்லுங்க, அப்பத்தான் அவருக்குப் புரியும்.

கேள்வி: அக்கா, நான் மூணு வருஷமா அஷ்டாங்க யோகா பண்றேன். எங்க டீச்சர் ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒரு பார்வை இருக்கு, மொத்தம் 9, மாத்தவே கூடாதுன்னு சொல்வாங்க. வேலை இடத்துக்குப் பக்கத்துல வேற ஸ்டூடியோ சேந்தேன், அங்க நாற்காலியில உக்கார்ற மாதிரி முட்டியை மடக்கி நிக்கற உத்கடாசனத்துல தரையைப் பாருன்னாங்க, முன்கால் முட்டியை மடக்கி ரெண்டு கையையும் மேல தூக்கற முதல் வீரபத்ராசனத்துல நேரா பாருன்னாங்க. யாரு சொல்றது சரி? மூக்கு நுனியைப் பாத்தா எனக்குத் தலை வலிக்குது, அது நார்மலா?
– செங்காங் வாசகி

பதில்: ரெண்டு பேரும் சரிதான் மா, அவங்கவங்க பள்ளியில கத்துக்கிட்டதை சொல்றாங்க. மைசூர்ல 1930கள்ல அரண்மனை ஆதரவுல யோகா சொல்லிக் குடுத்த கிருஷ்ணமாச்சார்யாகிட்ட படிச்சவங்கதான் பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் ரெண்டு பேரும். ஒரே குரு, ஆனா ஒருத்தர் மூச்சையும் வரிசையையும் பார்வையையும் கோத்து அஷ்டாங்க முறையா மைசூர்லயே நடத்தினார், இன்னொருத்தர் புனேயில உடம்போட நேர்த்தியை, கட்டை, கயிறு, சுவர்னு வெச்சு நுணுக்கமா சொல்லிக் குடுத்தார். இன்னிக்கு சிங்கப்பூர் ஸ்டூடியோக்கள்ல நடக்கற, மூச்சோட சேத்து ஆசனங்களை ஓட்டமா பண்ற வின்யாசா கிளாஸ் எல்லாம் இதுங்க எல்லாம் கலந்தது, அதனால ஒரே தெருவுல ரெண்டு கிளாஸ்ல ரெண்டு விதமா சொல்லத்தான் செய்வாங்க.

அந்த 9 எதுன்னு மத்த வாசகர்களுக்காக சொல்லிடறேன்: மூக்கு நுனி, புருவ மத்தி, தொப்புள், கட்டை விரல், கை, கால் விரல், வலது பக்கம், இடது பக்கம், மேல. நிக்கற ஆசனங்கள்ல திரிகோணாசனத்துக்கும் ரெண்டாவது வீரபத்ராசனத்துக்கும் கை, உத்கடாசனத்துக்கும் முதல் வீரபத்ராசனத்துக்கும் மேல தூக்கின கட்டை விரல் பக்கம், காலை அகட்டிக் குனியற பிரசாரித பாதோத்தானாசனத்துக்கு மூக்கு நுனி, இப்படிப் போகும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், பார்வைக்கு இடம் முடிவாயிட்டா பக்கத்துல யாரு எவ்வளவு வளையறாங்கன்னு பாக்க கண்ணுக்கு நேரமே கிடைக்காது. மூணு வருஷம் பண்ணின உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அதனால உங்க டீச்சர் கிளாஸ்ல அவங்க முறையை முழுசா மதிச்சுப் பண்ணுங்க, அங்க அது ஒரு தொடர்ச்சி, நடுவுல மாத்தினா மூச்சோட எண்ணிக்கையே கலைஞ்சிடும். புது ஸ்டூடியோவுல அவங்க சொல்றபடி.

ஆனா "மாத்தவே கூடாது"ங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. முதல் வீரபத்ராசனத்துல மேல பாக்கும்போது கவனிங்க, மார்பு மேல ஏறி அதனால முகம் மேல போகுதா, இல்ல இடுப்புக்கு மேல முதுகு மடங்கி, பிடரி நசுங்கி முகம் மட்டும் மேல போகுதா. ரெண்டாவது மாதிரின்னா அன்னிக்கு நேரா பாருங்க. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி தலையை நீட்டி உக்காந்துட்டு ஏழு மணிக்கு கிளாஸுக்கு ஓடி வர்ற கழுத்துக்கும் காலையில எழுந்து பண்ற கழுத்துக்கும் வித்தியாசம் இருக்கும்ல. உத்கடாசனமும் அப்படியே, தரையைப் பாருன்னு சொல்றது பெரும்பாலும் பிடரியை நீளமா வைக்கறதுக்கும் முட்டி எங்க போகுதுன்னு பாக்கறதுக்கும்தான்.

மூக்கு நுனி பாத்தா தலைவலின்னா நீங்க கண்ணு ரெண்டையும் உள்ள இழுத்து நிஜமாவே நுனியைப் பிடிக்கப் பாக்கறீங்கன்னு நெனைக்கறேன். அவ்வளவு வேணாம். கீதையில 6ஆம் அத்தியாயம் 13ஆவது சுலோகத்துல உடம்பு, கழுத்து, தலை மூணையும் நேரா வெச்சு மூக்கு நுனியைப் பாத்து இருன்னு வருது, அது அசையாம உக்காந்து தியானம் பண்றதுக்கான பேச்சு, வேர்வை வடிய குனிஞ்சு நிமிர்றதுக்கு இல்ல. குனிஞ்ச ஆசனத்துல மூக்கு காட்டற திசையில, அதைத் தாண்டி தரையில கண்ணு போய் தளர்வா விழட்டும், அதுவே போதும். இமை பாதி மூடியிருந்தா இன்னும் நல்லது. ஏர்கான் ரூம்ல கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டு சிமிட்டாம பாத்தாலும் கண்ணு காஞ்சு தலை வலிக்கும், அதையும் பாத்துக்குங்க. இதெல்லாம் மாத்தியும் வலி நிக்கலன்னா பவர் மாறியிருக்கான்னு செக் பண்ணிடுங்க.

நீங்க கேக்கல, ஆனா அஷ்டாங்க பண்றவங்க எல்லாரும் தடுமாறற இடம் ஒண்ணு இருக்கு, உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம். காலை முன்னால நீட்டிப் பிடிக்கற வரைக்கும் கால் விரலைப் பாத்து சரியா நிப்பாங்க, வலது காலை வலப்பக்கம் கொண்டு போயி தலையை இடப்பக்கம் திருப்பணும், அங்க போச்சு. ஏன்னா தலை திரும்பற அந்த வழி முழுக்க ரூம் சுத்தற மாதிரி தெரியும், உள்காதும் சேந்து கலங்கும். அதனால ஆசனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இடப்பக்கச் சுவர்ல ஒரு புள்ளியை முடிவு பண்ணி வைங்க. திரும்பும்போது முதல்ல காலைப் பக்கத்துக்குக் கொண்டு போயி நிலைப்படுத்தி, அப்புறம் கண்ணு மட்டும் அந்தப் புள்ளிக்குத் தாவட்டும், தலை அதுக்குப் பின்னால மெதுவா போகட்டும். காலும் தலையும் ஒரே நேரத்துல எதிரெதிர் பக்கம் போனா பழகினவங்களுக்கே கஷ்டம்.

கேள்வி: அக்கா வணக்கம். நான் துவாஸ் பக்கம் டார்மிட்டரில இருக்கேன், கட்டுமான வேலை. வேலை முடிஞ்சு வந்து ரூம்ல கொஞ்ச நேரம் யோகா பண்ணுவேன், ஃபோன்ல பாத்து கத்துக்கிட்டதுதான். ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு காலைப் பின்னால கையால பிடிச்சுத் தூக்கற நடராஜாசனம் ட்ரை பண்றேன், எங்க பாக்கறதுன்னு தெரியல, நீட்டின கையைப் பாத்தா விழறேன். கண்ணை மூடி ஒத்தக் கால்ல நின்னா பேலன்ஸ் நல்லா வரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, பண்ணலாமா?
– புதுக்கோட்டைக்காரர்

பதில்: தம்பி, நாள் முழுக்க உழைச்சிட்டு வந்து பாயில நிக்கறீங்களே, அதுவே பெருசு. நீட்டின கை உங்க உடம்போட சேந்து ஆடற கை, ஒத்தக் கால்ல நிக்கும்போது அதைப் பிடிமானமா வெச்சா ஏமாத்திடும். ரெண்டு காலும் தரையில இருக்கற வீரபத்ராசனத்துல கையைப் பாக்கலாம், இதுல வேணாம். விரல் நுனிக்கு நேர் பின்னால சுவர்லயோ லாக்கர் கதவுலயோ ஒரு புள்ளியைப் பாருங்க, நேர் கண் மட்டத்துல. உடம்பு முன்னால சாயச் சாய புள்ளியைக் கொஞ்சம் கீழ மாத்திக்கலாம், ஆனா மாத்தறதை ஒரே தடவையில மாத்துங்க, கண்ணு சறுக்கிக்கிட்டே போகக் கூடாது. இரட்டை அடுக்குக் கட்டிலோட கம்பி பக்கத்துல இருக்கும்ல, ஒரு கையால அதை லேசா தொட்டுக்கிட்டு ஆரம்பிங்க, ரெண்டு விரல் தொட்டாலே ஆட்டம் பாதியா குறையற மாதிரி இருக்கும்.

கண்ணை மூடறது பயிற்சிதான், உள்ளங்காலும் உள்காதும் அதிகமா வேலை கத்துக்கும், ஆனா அதுக்கு வரிசை இருக்கு. முதல்ல ஒரே புள்ளியைப் பாத்து அலுங்காம நிக்கணும். அப்புறம் கால் ஆடாம கண்ணை மட்டும் ஒரு புள்ளியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தப் பழகணும். அப்புறம் தலையை மெதுவா திருப்பி. அதுக்கும் அப்புறம்தான் கண்ணை மூடறது, அதுவும் ரெண்டு கால்ல முதல்ல. சேஃப்டி பூட்ஸுக்குள்ள நாள் பூரா இருந்த பாதம் மரத்த மாதிரி இருக்கும், வெறுங்கால்ல கொஞ்சம் நடந்து, விரலைப் பிரிச்சு நீவி விட்டுட்டு நின்னா உணர்வு திரும்பும். களைச்ச ராத்திரியில கண்ணை மூடி ஒத்தக் கால் வேண்டவே வேணாம் தம்பி, சுத்தி கட்டில் இரும்பு, கணுக்கால் பிசகினா மறுநாள் சாரத்துல ஏறணும். அதை லீவு நாள்ல, சுவரை ஒட்டி நின்னு பண்ணுங்க.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு, கண்ணாடி பவர் வருஷா வருஷம் ஏறுது. புள்ளியைப் பாக்கற பயிற்சி, விளக்கைப் பாக்கற திராடகம் செஞ்சா கண்ணாடி போடாம இருக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?
– சுவா சூ காங் அம்மா

பதில்: இல்லம்மா. கிட்டப்பார்வைல கண் உருண்டை முன்னும் பின்னுமா நீண்டு போயிருக்கு, நீண்டதை எந்தப் பார்வைப் பயிற்சியும் சுருக்காது. திராடகம் ஹட யோக பிரதீபிகைங்கற பழைய யோகா நூல்ல சொல்ற ஆறு சுத்திகரிப்புகள்ல ஒண்ணு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் இமைக்காம பாக்கறது, மனசை ஒருமுகப்படுத்தப் பெரியவங்க செய்யலாம், 9 வயசுப் பையனை இமைக்காம விளக்கைப் பாக்க வைக்காதீங்க. பவர் ஏறற வேகத்தைக் குறைக்கறதுக்கு சொட்டு மருந்தும் தனி வகை லென்ஸும் இருக்கு, கண் டாக்டர்கிட்ட கேளுங்க, கண்ணாடியையும் கழட்டிடாதீங்க. அதோட தினமும் 2 மணி நேரமாவது பகல் வெளிச்சத்துல வெளிய விளையாட விடுங்க, கண் டாக்டருங்க எல்லாரும் சொல்றது அதைத்தான். யோகா பண்ண ஆசைப்பட்டா பிளாக்குக்குக் கீழ புல்தரையில கூட்டிட்டுப் போயி, கண்ணாடியோடவே, ஒரு செருப்பைக் கழட்டி முன்னாடி வெச்சு அதைப் பாத்துக்கிட்டு யாரு அதிக நேரம் மரம் மாதிரி நிக்கறாங்கன்னு ரெண்டு பேரும் போட்டி போடுங்க.